இன்ஜின் மூடி மேல் என் மகள்

போன கோடை தொடங்கிய சமயம், ஒரு வெள்ளிக்கிழமை. மாலை நாலேகால் மணிக்கு எர்ணாவூரில் எங்கள் தெருமுனைக்கு வர வேண்டிய பள்ளி வண்டி வரவில்லை.

நான் பயந்த சுபாவம். நாற்பதைத் தொடும்போது பிறந்த ஒரே பெண். அவள் இரண்டு முறை தும்மினால் எனக்குத் தூக்கம் போய்விடும். டிரைவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்பது எங்களுக்குப் புதிதல்ல. அதில்தான் மாட்டியிருக்கும் என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லாரிகளுக்கு இடையே நுழைந்து நுழைந்து போனேன்.

திருவொற்றியூர் பக்கத்தில் வண்டி தெரிந்தது. முன்னும் பின்னும் லாரி. வண்டியின் முன் கண்ணாடி வழியாக என் பெண் என்னைப் பார்த்துவிட்டுக் கையாட்டினாள். டிரைவருக்குப் பக்கத்தில், பானெட் மேல் உட்கார்ந்திருந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. நானும் சிரித்துக்கொண்டே கையாட்டினேன்.

பானெட் என்றால், டிரைவருக்கு இடப்பக்கம் மேடுபோல் எழும்பியிருக்குமே, இன்ஜினை மூடும் மூடி, அதுதான். அதன் மேல் ரெக்சின் மெத்தை ஒன்றைப் போட்டு எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துவிடுவார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சீட்டு கொடுக்காமல் சமாளிக்க நம் ஊரில் கண்டுபிடித்த வழி.

"அம்மா, கால் சுடுது" என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளரிடம் போய்க் கேட்டேன். "இன்ஜின் முன்னாடி இருக்கற வண்டின்னா கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்யும் மேடம். இன்ஜின் பின்னாடிதான் வேணும்னா பாப்பாவை டூரிஸ்ட் பஸ்ல அனுப்புங்க" என்றார். அங்கே நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி ஸ்டாண்டு போடக் குனிந்தேன். டயர் வெடித்தது போல ஒரு சத்தம். நிமிர்ந்தால் வண்டியின் முன் கண்ணாடி முழுக்க வெள்ளை. உள்ளே பிள்ளைகள் அலறும் சத்தம் மட்டும் கேட்டது, யாரும் தெரியவில்லை. கதவைக் குத்தினேன், உதைத்தேன். வண்டியிலிருந்த ஆயா திறந்தார். ஆவிக்குள் கைவிட்டு, கையில் அகப்பட்ட பிள்ளையை எல்லாம் இழுத்து இறக்கினேன். மூன்றாவதாக வந்தவள் என் பெண்.

வெகுநேரம் நின்ற இடத்திலேயே ஓடிய இன்ஜின் சூடேறி, ரேடியேட்டர் குழாய் வெடித்திருக்கிறது. கொதிக்கும் தண்ணீர் மூடியின் விளிம்பு வழியாகப் பீறிட்டு, தொங்கிக்கொண்டிருந்த கால்களில் அடித்திருக்கிறது. வெள்ளை சாக்ஸ் காலோடு ஒட்டிப்போய், முழங்கால்வரை சிவந்து, கண் முன்னாலேயே கொப்புளம் எழும்பியது. பின்னால் நின்ற லாரியின் டிரைவர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "யம்மா, ஊத்திகினே இரு, நிறுத்தாத! நா இன்னொரு கேன் எட்தாறேன்" என்றார். நடைபாதையில் உட்கார்ந்து ஊற்றினேன். கத்திக் கத்தி அவள் குரல் கம்மிப்போனது. இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் காலில் பட்டிருந்தது. ஆயா அவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இன்ஜின் மேல கொண்டுபோய்க் குழந்தையை உட்கார வைப்பீங்களா?" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினேன்.

"நானா ஒக்கார வெச்சேன்? ஸ்கூல்ல ஏத்தி வுடற கூட்டத்துக்கு வேற எங்க ஒக்காரும்? சீட்டு இன்னா ரப்பரா மேடம், இழுத்து வுடறதுக்கு?" என்று அவரும் கத்தினார். அவர் கையிலும் ஆவி பட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு, ஆஸ்பத்திரியில் அவள் தூங்கிய நேரமெல்லாம் போனில் பஸ்களைப் பற்றித்தான் படித்தேன். ஏதோ பரீட்சைக்குப் படிப்பதைப் போல. இன்ஜின் எங்கே இருக்கிறது என்பது பஸ் சேஸிகளை, அதாவது பாடி கட்டுவதற்கு முந்தைய அடிச்சட்டங்களை, வகை பிரிக்கும் முக்கியமான முறைகளில் ஒன்றாம். முன்னால் இன்ஜின், பின்னால் இன்ஜின், அபூர்வமாக நடுவில் தரைக்கு அடியில் இன்ஜின். தரை உயரத்தை வைத்தும் பிரிக்கிறார்கள். லாரிக்குப் போடும் அதே மாதிரிச் சட்டத்தின் மேல் பாடி கட்டிய பஸ்களும் உண்டு. முன்னால் இன்ஜின் இருப்பது தப்பில்லை. எத்தனையோ பேர் அதில்தான் தினமும் போய் வருகிறார்கள். ஆனால் எந்த வகையிலும், எந்தப் படத்திலும், இன்ஜின் மூடியை இருக்கை என்று போட்டிருக்கவில்லை. அதை இருக்கையாக்கியவர்கள் ஏ.சி. அறையில், சுழலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

காலில் தழும்பு இப்போது மங்கி வருகிறது. கோபம் மங்கவில்லை. மங்க வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை. அது ஆறிவிட்டால் மறுநாளே நானும் "எல்லா வண்டியிலும் அப்படித்தான்" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவேன். அன்று நெரிசல் கொஞ்சம் இளகியதும் மாற்று வண்டி ஒன்று வந்தது. போக்குவரத்துப் பொறுப்பாளரே அதிலிருந்து இறங்கினார். நடைபாதையில் ஈரக் காலோடு என் மடியில் கிடந்தவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, அழுதுகொண்டு நின்ற மற்ற பிள்ளைகளின் பக்கம் திரும்பிக் கைதட்டினார்.

"சீக்கிரம், சீக்கிரம்! பெரிய பசங்கள்லாம் பின்னாடி போங்க. குட்டிப் பசங்க பானெட் மேல ஏறிக்குங்க."