அன்றைக்கு வண்டி தூக்கிப் போடவில்லை

காலையில் எங்கள் தெரு வேகத்தடையில் ஒரு காலி பிக்கப் தடதடவென ஏறி இறங்கியது. அந்தச் சத்தத்தில் நான் அப்பாவின் வண்டிக்குள் போய்விட்டேன்.

நத்தத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு மாங்காய் ஏற்றும் வண்டி அது. பின்னால் பாரம் தாங்குவதற்காகக் கூடுதல் ஸ்பிரிங் பட்டைகள் போட்டிருந்தார். லோடு இருந்தால் மெத்தென்று போகும். காலியாக இருந்தால் ஒவ்வொரு குழிக்கும் தூக்கிப் போடும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, மே மாத லீவு. சேவுகம்பட்டியில் மாமா வீட்டுத் திருவிழாவுக்குப் போகலாம் என்று, கோயிலுக்குப் போயிருந்த அம்மாவையும் என்னையும் அப்பா அங்கேயே வந்து ஏற்றிக்கொண்டார். பின்னால் தார்ப்பாய் கட்டியிருந்தது.

செம்பட்டி தாண்டியதும் கேட்டேன்.

"ஏம்ப்பா, இன்னிக்கு வண்டி தூக்கியே போடல?"

"அப்பா பட்டைய மாத்திருப்பாரு," என்றாள் அம்மா.

"ஆமா," என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்தபடி.

மாமா வீட்டு வாசலில் தார்ப்பாயை அவிழ்த்தார். அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த பீரோ, கட்டில், கிரைண்டர், தையல் மிஷின்.

"திருவிழான்னுதான சொன்னீக?" என்றாள் அம்மா.

"இங்கனயே இருங்க. நா வாரேன்."

வரவில்லை.

பீரோவில் என் பள்ளிக்கூட டி.சி. இருந்தது. அதிலிருந்த தேதிப்படி, பரீட்சை முடிந்த மறுநாளே வாங்கியிருந்தார். அதற்குப் பிறகுதான் தினமும் என்னை முன்சீட்டில் உட்காரவைத்து, தோப்புத் தோப்பாகக் கூட்டிப்போய், பழம் நறுக்கித் தந்தார்.

அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த லீவு வேறு இல்லை. அதைத்தான் இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.