ஒரு சொட்டும் ஒழுகக் கூடாத குல்லா

தியோபிலாவுக்கு முப்பத்தெட்டு வயது. புருஷனை ஏரி கொண்டுபோய் ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அண்ணன் பொலிகார்ப்போ வீட்டில் ஆடு மேய்க்கிறாள், தக்களி சுற்றுகிறாள். ஏரி நடுவிலிருக்கும் அந்தத் தக்கீலே தீவில் குல்லா பின்னுவது ஆண்பிள்ளை வேலை, நூற்பது பெண்பிள்ளை வேலை. அவள் நூற்ற நூலில் அண்ணன் குல்லா பின்னி விற்றான். தீவிலேயே கெட்டிக்காரப் பின்னல்காரன் என்று பெயரும் வாங்கினான். அந்த நூல் யார் கை நூல் என்று எவனாவது கேட்டானா? ம்ஹூம்!

இந்த நிலையில்தான் படகுக்காரன் சில்வானோ அவளைப் பெண் கேட்டு வந்தான். நாற்பத்தைந்து வயதாகியும் தலையில் கலியாணமாகாதவனின் பாதி வெள்ளைக் குல்லா. போதாக்குறைக்குக் கிட்டப் பார்வை வேறு மங்கல்.

பொலிகார்ப்போ முடியாது என்று சொல்லவில்லை. அவ்வளவு மடையன் இல்லை அவன். கொக்கா இலையை மென்றுகொண்டே, "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல மாப்ளே? கலியாணமானவன் போடுற முழுச் சிவப்புக் குல்லா பின்னி எடுத்துட்டு வாங்க. தண்ணி ஊத்திப் பார்ப்பேன். ஒரு சொட்டு ஒழுகினாலும் எந்தங்கச்சி எங்கூடத்தான் இருப்பா" என்றான். அக்கரை ஊரான பூனோவில் கடையில் வாங்கிய சிவப்பு நூல் கண்டு ஒன்றையும் சில்வானோ மடியில் எறிந்தான். "இந்தாங்க, இதுலயே பின்னுங்க. நூல்னா நூல்தான். எதுல பின்னினா என்ன?"

நூல்னா நூல்தானாம்! தியோபிலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாளே தான் நூற்ற அல்பாக்கா நூலையும் செம்மறி நூலையும் எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போய் நின்றாள். "கடை நூலையும் சேர்த்து மூணு நூல்லயும் உள்ளங்கை அளவுக்கு ஒவ்வொரு கிண்ணம் பின்னுங்க. பார்த்துடுவோம்."

சில்வானோ பின்னினான். கடை நூல் பார்க்கப் பளபளவென்று இருந்தது. தண்ணீர் ஊற்றியதும் சல்லடை மாதிரி கொட்டிவிட்டது. மலைமேட்டில் மேயும் நெட்டைக் கழுத்து அல்பாக்காவின் மயிர் கன்னத்தில் வைத்தால் சொக்கவைக்கும். நனைந்ததும் தொய்ந்து முழங்கைவரை நீண்டது. செம்மறிக் கம்பளி முரடுதான், கழுத்தை அரிக்கும். ஆனால் நனைந்தவுடன் இழையெல்லாம் உப்பி ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டது. அதிலும் நாலைந்து சொட்டு கசிந்தது.

"இன்னும் மெலிசா வேணும்" என்றான் சில்வானோ.

"மெலிசா நூத்தா உங்க கண்ணுக்குத் தெரியாதே?"

"கண்ணு எதுக்கு? உன் நூல்ல முடிச்சே இருக்காது. விரலு பார்த்துக்கும்."

ஒன்பது வருஷத்தில் அவள் நூலைப் பாராட்டிய முதல் வாய் அது. அழுகை வந்துவிட்டது அவளுக்கு. அதை மறைக்க அவனையே திட்டினாள்.

ஆட்டின் தோள்பட்டைக் கம்பளியை மட்டும் எடுத்து, மயிரிழை கனத்துக்கு நூற்று, இரண்டு புரியாக முறுக்கிச் சாயமும் போட்டுக் கொடுத்தாள். சைக்கிள் கம்பியைத் தேய்த்துச் செய்த ஊசிகளில் அவன் ஐந்து மாதம் பின்னினான்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளை, சொந்தபந்தமெல்லாம் முற்றத்தில் கூடியது. பொலிகார்ப்போ குல்லாவில் செம்பு நிறையத் தண்ணீர் ஊற்றினான். அதை ஏந்திக்கொண்டு சில்வானோ முற்றத்தைக் கடந்தான். ஒரு சொட்டு விழவில்லை. வழக்கம் அவ்வளவுதான், பெண் வீட்டான் குல்லாவைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பொலிகார்ப்போ வாங்கவில்லை. "அப்படியே நில்லுங்க. உங்க நிழல் அந்தச் சுவத்தத் தொடட்டும்."

"இது எந்த ஊரு வழக்கம்?" என்று யாரோ முனகினார்கள். சில்வானோ குல்லாவை ஏந்தியபடியே நின்றான். நிழல் நகர்ந்தது. சுவரைத் தொட இன்னும் ஒரு சாண் இருக்கையில் குல்லாவின் நுனியில் ஒரு துளி திரண்டு, மண்ணில் விழுந்தது.

"விழுந்துருச்சு! எல்லாரும் பார்த்தீங்கல்ல?" பொலிகார்ப்போ துள்ளினான்.

தியோபிலா எழுந்தாள். நேரே போய் அண்ணன் தலையிலிருந்த குல்லாவைப் பிடுங்கினாள். அவள் நூற்ற நூலில் பின்னியதையெல்லாம் விற்றுவிட்டுத் தனக்கென்று கடை நூலில் பின்னிக்கொண்ட குல்லா அது. செம்பில் மறுபடி தண்ணீர் மொண்டு அதில் கவிழ்த்தாள். ஊற்றின வேகத்திலேயே தண்ணீர் அவன் கால் செருப்பை நனைத்தது.

அண்ணி ஹசிந்தாதான் முதலில் சிரித்தாள். "ஐயோ, எங்கப்பா அன்னைக்கே ஊத்திப் பார்த்திருந்தா நான் தப்பிச்சிருப்பேனே!" முற்றமே சிரித்தது.

"நீ ஜெயிச்சதாவே வச்சுக்க அண்ணே" என்றாள் தியோபிலா. "நான் போறேன். நீ விட்டாலும் போறேன், விடாட்டியும் போறேன்."

சில்வானோ கையிலிருந்த குல்லாவை வாங்கி, மிச்சத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். அந்த ஈரக் குல்லாவையே அவன் தலையில் மாட்டினாள்.

பொலிகார்ப்போவின் முகம் இப்போதுதான் வெளுத்தது. "ஏய் தியோபிலா! நீ போயிட்டா எனக்கு யாருடி நூத்துக் குடுப்பா?"

அவள் இடுப்புத் துணி முடிச்சை அவிழ்த்தாள். அன்று அவன் எறிந்த கடை நூல் கண்டு உள்ளே இருந்தது. கிண்ணத்துக்குக் கிள்ளியது போக அப்படியே வைத்திருந்தாள். அதை அண்ணன் கையில் வைத்தாள்.

"நூல்னா நூல்தானே அண்ணே? இதுலயே பின்னு."