சவரிமுத்து அண்ணன் கரைத்த தொப்பை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுச் சவரிமுத்து அண்ணன், வருஷக்கணக்கில் கரி அள்ளிப் போட்டுத்தான் எஞ்சின் டிரைவர் ஆனார். உட்கார்ந்து ஓட்டத் தொடங்கியதும் தொப்பை வந்துவிட்டது. அது குறையாவிட்டால் எஞ்சினை விட்டு இறக்கிவிடுவதாக டாக்டர் துரை சொல்லிவிட்டார். அண்ணன் அழாத குறை.

அவர் மனைவி லூர்தம்மா சோற்றைக் குறைத்தாள். அவர் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். பசி என்று வந்தவருக்கு நான் போடத்தான் செய்வேன். யார் சொன்னாலும் கேட்கமாட்டேன்.

அதே எஞ்சினில் கரி அள்ளியவர் என் வீட்டுக்காரர். ஒருநாள் கிள்ளான் போகும் வழியில் அண்ணன் அவரிடமிருந்து கரி அள்ளும் சவ்வலைப் பிடுங்கினார்.

"நீ கைப்பிடியப் புடிச்சுக்கிட்டுப் பாதையப் பாரு, தம்பி. இனிமே கரிய நான் அள்ளுறேன்."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். வேர்வையோடு தொப்பையும் கரைந்தது. அடுத்த சோதனையில் டாக்டர் துரையே சிரித்துவிட்டாராம். எஞ்சின் அண்ணனுக்கே!

லூர்தம்மா பாயசத்தோடு ஓடி வந்தாள். வந்தவள் என் வீட்டுக்காரரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரர் சட்டையில பொத்தான் எல்லாம் எங்கே போச்சு?"

இவர் வயிற்றை உள்ளே இழுத்தார்.

"நாளையிலேருந்து சவ்வல் ஒங்க கையிலதான்," என்றேன். சோற்றை மட்டும் நான் குறைக்கவில்லை.