நீலக் குருசு போட்ட ஆமை

விசைப்படகு ஓட்டி ஓட்டி என் முழங்கால் போய்விட்டது. தூத்துக்குடியிலிருந்து விடியுமுன் கிளம்ப வேண்டும், ராத்திரிக்குள் திரும்ப வேண்டும். நடுவே, பை போன்ற இழுவைமடியைக் கட்டிக் கடலடியை வழித்துக்கொண்டே போக வேண்டும். இறாலோடு எது வந்தாலும் அள்ளித்தான் ஆக வேண்டும். அலுத்துவிட்டது.

ஆமை தப்பிக்க மடியில் ஒரு வாசல் உண்டு. இறாலும் அதன் வழியே போய்விடுகிறதென்று எங்கள் முதலாளி அதைத் தைத்து மூடச் சொல்லிவிட்டார். பக்கத்துப் படகுகளிலும் இதே கதைதான்.

போன மாசம் மடியைக் கொட்டியபோது ஒரு ஆமை விழுந்தது. தலை தொங்கிக் கிடந்தது.

"தூக்கிப் போட்டுருவோம் அண்ணாச்சி. இதோட கரையில பாரஸ்ட்காரன் பிடிச்சான்னா கம்பி எண்ணணும்," என்றான் என்னோடு நெடுங்காலமாக வரும் கூட்டாளி.

"பொறுல. மூச்சு முட்டி மயங்கிக் கெடக்கும். இப்பத் தண்ணியில போட்டா முங்கிச் செத்துரும்."

ஆமையின் பின்பக்கத்துக்கு டயரை முட்டுக் கொடுத்து உயர்த்தி, ஈரச் சாக்கைப் போர்த்தினோம். மதியச் சோறு முடிந்தும் அசைவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. ஆமைமேல் இல்லை, எங்கள்மேல். பிறகு சட்டென்று வாயைத் திறந்து மூச்சு விட்டது. "மாதாவே!" என்று கத்தியேவிட்டான் கூட்டாளி.

படகுக்குப் பூசியதில் மிச்சமிருந்த நீலப் பெயிண்டால் அதன் முதுகில் ஒரு குருசு போட்டான். எங்கள் கடற்கரையில் சிலுவை போடாமல் புதுப் படகை இறக்குவதில்லை, ஆமைக்கும் போட்டாயிற்று.

"இனி எவனும் இதுமேல கை வைக்க மாட்டான் அண்ணாச்சி."

குருசைப் பார்க்க மடிக்குக் கண் கிடையாது என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. மெதுவாக இறக்கிவிட்டோம், நீந்திப் போனது. அன்று மனசு நிறைந்திருந்தது.

மறுநாள், பக்கத்தில் இழுத்துக்கொண்டிருந்த படகின் டிரைவர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, முதுகுல நீலக் குருசோட ஒரு ஆமை எங்க மடியில வந்துச்சு. ஞானஸ்நானம் குடுத்தது நீங்களா?" என்று சிரித்தார்.

"மூச்சு இருக்கா?"

"அசையல."

"கடல்ல போட்டுராதீய! பின்பக்கத்தத் தூக்கி வச்சு, நெழல்ல..."

"அட போங்க அண்ணாச்சி, அப்பவே விட்டாச்சு. குருசப் பாத்ததும் பயலுவ பயபக்தியா கடல்ல எறக்கி விட்டுட்டானுவ."

எஞ்சின் சத்தத்தில் கூட்டாளிக்கு எதுவும் கேட்கவில்லை. "என்னவாம்?" என்றான்.

"நம்ம ஆமை அவங்க மடியில வந்துச்சாம். குருசப் பாத்துட்டுக் கடல்ல விட்டுட்டானுவளாம்."

அவன் முகமெல்லாம் சிரிப்பு. "நான் சொன்னம்லா அண்ணாச்சி!" என்றபடி எங்கள் மடியைத் தூக்கப் போனான்.