சாப்பிடுவதும் தின்பதும்

1

என் பணிக்காலத்தில் நான் செய்த பெரிய தப்பு ஒரே ஒரு சொல்லில் நடந்தது. தப்பு என்று தெரிவதற்கு முன், அதற்காகப் பாராட்டு வேறு வாங்கிவிட்டேன்.

மும்பை சயானில் ஒரு மனநல ஆய்வுக் குழுவில் நான் கள ஆய்வாளர். அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்வில் தவிக்கிறவர்களைக் கண்டுபிடித்து, எட்டு வாரம் குழு ஆலோசனை கொடுப்பது திட்டம். படிவத்தில் போதிய ஸ்கோர் வந்தால்தான் குழுவில் இடம். இங்கிலீஷ் கேள்விகளைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. ‘உணவு உட்கொள்ளுதல்’ என்றெல்லாம் எழுதினால் தாராவியில் யாருக்குப் புரியும்? ‘சாப்பாடு’ என்று போட்டேன். அர்த்தம் சொன்னதும், “பஹுத் சிம்பிள், அச்சா ஹை” என்று எளிமையைப் பாராட்டினார் எங்கள் தலைவி. மராத்திக்காரர், அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். மும்பையிலேயே, மாட்டுங்காவில் வளர்ந்த எனக்கு, என் தமிழுக்குக் கிடைத்த பாராட்டில் தலைகால் புரியவில்லை.

2

செல்வி வீட்டிலேயே பை தைப்பவர், திருநெல்வேலிப் பக்கம். தானாகவே பெயர் கொடுத்திருந்தார்.

“ஒரே நேரத்தில், நிறுத்த முடியாமல் நிறையச் சாப்பாடு சாப்பிட்டதுண்டா?” என்று படித்தேன்.

“சாப்பாடா? நான் ஒரு நேரந்தாங்க்கா சாப்புடுதேன். அதுவும் கொஞ்சூண்டு.”

எல்லாக் கேள்விக்கும் இதே மாதிரிதான். ‘இல்லை’, ‘இல்லை’ என்று டிக் அடித்துக்கொண்டே போனேன்.

“எனக்கு எடம் உண்டாக்கா?”

“உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்ல விஷயம்தானே!”

அவர் முகம் விழுந்துவிட்டது. “அப்போ இது சீக்கு இல்ல, என் கொழுப்புதான்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அது என் காதில் விழுந்தது. விழுந்தும் எழுந்து வந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

3

கையெழுத்து வாங்க மறந்துபோய், மறுநாள் மத்தியானம் திரும்பப் போனேன். மறதியும் சில நேரம் உதவும். கதவு சாத்தியிருந்தது. தட்டினதும் உள்ளே சரசரவென்று சத்தம். திறந்தபோது செல்வி தையல் மிஷினுக்கடியில் காலால் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். காரி பிஸ்கட், ஃபர்ஸான் மிக்சர், பாவ் ரொட்டி, எல்லாம் காலிப் பாக்கெட்.

நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

“இது சாப்பாடு இல்லக்கா. இது சும்மா திங்கது.”

படிவத்தில் நான் போட்ட சொல்லைத் திரும்பப் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் சோறு போட்டால்தான் சாப்பாடு. நாலு வடாபாவ் உள்ளே போயிருந்தாலும் “இன்னும் சாப்பிடல” என்போம்.

“சரி, திங்கிறதப் பத்திச் சொல்லுங்க” என்றேன்.

“கதவச் சாத்திட்டுத் திங்கேன். வயிறு வலிச்சாலும் கை நிக்காது. முடிஞ்சதும் அழுகையா வரும். மாமியா என்னத் தின்னிப்பண்டாரம்னுதான் கூப்புடுதா. தங்கச்சிக்குக் கல்யாணம் வருது. பந்தில எல்லாரும் பாக்க எப்படிக்கா உக்காருவேன்? போகாண்டாம்னு இருக்கேன்.”

4

மேடம் படிவத்தைப் பார்த்தார். “ஸ்கோர் ஜீரோ ஹை. கைஸே லூம்?”

ஸ்கோரே இல்லாமல் எப்படிச் சேர்ப்பது என்கிறார். திட்டத்தின் விதியும் அவர் பக்கம்தான் இருந்தது. எங்களுக்குச் சோறு மட்டும்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் தின்பது, நான் கேட்டதுதான் தப்பு என்று எனக்குத் தெரிந்த இந்தியில் ஒப்புக்கொண்டேன். “மேடம், ஹமாரா சாப்பாடு மத்லப் சிர்ஃப் சாவல். பாக்கி சப் தின்பது. மைனே கலத் பூச்சா.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் படிவத்தை என்னிடமே திருப்பித் தந்தார். “தோ சப்கோ ஃபிர் ஸே பூச்சோ” என்றார். எல்லாரையும் மறுபடி கேள் என்கிறார். கொட்டும் மழையில் அத்தனை சந்துகளும் மறுபடி ஏறி இறங்கினேன். ‘தின்பது’ என்று கேட்டதும், முன்பு ‘இல்லை’ என்ற பல பேர் ‘ஆமா’ என்றார்கள். செல்விக்கும் குழுவில் இடம் கிடைத்தது.

எட்டு வாரத்தில் எல்லாம் நின்றுவிடவில்லை. நடுவில் இரண்டு வாரம் பாக்கெட்டுகள் திரும்பி வந்தன. அதையும் அவர் குழுவில் சொன்னார், கதவைச் சாத்தாமல்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ‘இல்லை’ என்று பதில் வந்தால், டிக் அடிக்கும் முன் நீங்கள் கேட்டது அவர்களுக்கு என்னவாகக் கேட்டது என்று பாருங்கள்.

செல்வியின் தங்கை கல்யாணம் செம்பூரில் நடந்தது. அன்று மத்தியானம் மண்டபத்திலிருந்தே செல்வி எனக்கு போன் செய்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

“அக்கா, பந்தில எல்லாருக்கும் நடுவுல உக்காந்தேன். சாப்ட்டேன்க்கா. திங்கல, சாப்ட்டேன்.”