ஸ்டில் என்றால் இன்னும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் அதிகம் தேவைப்பட்ட ஆள் நான்தான். நாங்கள் வந்து குடியேறியிருந்த ரொக்ஸ்பரோவில் எந்தக் கடைக்குப் போனாலும், எந்தக் கடிதம் வந்தாலும், அம்மா என்னைத்தான் முன்னால் விடுவார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, தொலைக்காட்சியில் ஆங்கிலம் என்று இரண்டும் எனக்குக் கொஞ்சம் கொஞ்சம் வரும். தலைக்கனம் மட்டும் நிறையவே இருந்தது. ஒரு சொல் தெரியாது என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அம்மாவுக்கு அப்போது எட்டாம் மாதம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, "காலமையில இருந்து பேபி அசையேல்லை. ஆஸ்பத்திரிக்குப் போவம், சப்பாத்தைப் போடு" என்றார். அப்பா தூரத்தில், லொங்குய்யில் வேலையில் இருந்தார். கைத்தொலைபேசி அவரிடம் கிடையாது. டாக்சியில் அம்மா வயிற்றில் இரு கைகளையும் வைத்தபடியே வந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

தாதி பிரெஞ்சில் தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினார். வயிற்றில் கருவியை வைத்து, எங்களுக்குத் தெரியாதபடி திரும்பியிருந்த திரையைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று ஏதோ சொன்னார். 'பேபி', 'வெரி ஸ்டில்' என்ற சொற்கள் மட்டும்தான் எனக்குப் பிடிபட்டன.

"என்னவாம் சொல்லுறா?"

ஸ்டில் என்றால் 'இன்னும்'. அது எனக்குத் தெரியும். ஆனால் 'வெரி' அதனோடு ஒட்டவில்லை. மிகவும் இன்னும் என்று ஒன்று உண்டா? யோசிக்க நேரமில்லை, அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேபி இன்னும் இருக்காம், அம்மா."

அம்மா கண்களை மூடித் திறந்தார். "ஓம், சரி பிள்ளை" என்று என் கையைப் பிடித்தார். விரல்கள் நோகுமளவுக்குப் பிடித்தார்.

அப்போது தாதி அம்மாவின் தோளைத் தொட்டு, "லை ஸ்டில்" என்றார். இன்னும் படுக்கட்டாமா? அம்மா படுத்துத்தானே இருக்கிறார்! கதிரையில் நெளியும் எங்களை ஆங்கில ரீச்சர் அதட்டுவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது: சிட் ஸ்டில். ஆடாமல் இரு. அசையாதே.

பேபி அசையவில்லை என்றுதான் தாதி சொல்லியிருக்கிறார். ஆனாலும் நான் அதைத் திருத்திச் சொல்லவில்லை. தலைக்கனமா பயமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தாதி குளிர்ந்த தோடம்பழச் சாறு கொடுத்து, இடப்பக்கம் திரும்பிப் படுக்கும்படி கையால் காட்டினார். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் மூன்று இலக்கங்களைத் தாண்டியது. திடீரென்று அம்மா என் கையை இழுத்து வயிற்றில் வைத்தார். உள்ளேயிருந்து ஓர் உதை. என் தம்பி! தாதி சிரித்தார், அம்மா அழுதார். என் பிழையை அம்மா கண்டுபிடிக்கவில்லை என்ற நிம்மதியில் நானும் சிரித்தேன்.

பதினேழு வயதில், கல்லூரி விண்ணப்பத்துக்காக என் பிறப்புப் பத்திரத்தைத் தேடியபோது, நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முந்திய ஓர் ஆஸ்பத்திரித் தாள் கையில் அகப்பட்டது. அதில் அம்மாவின் பெயருக்குக் கீழே ஆண் குழந்தை, 'ஸ்டில்போர்ன்' என்று இருந்தது. உயிரில்லாமல் பிறந்த பிள்ளையை ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். எனக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறான். தாளை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இந்த நாட்டில நான் முதல் படிச்ச இங்கிலிஸ் சொல் அதுதான், பிள்ளை" என்றார் அம்மா.

அன்றைக்குத் தாதி 'ஸ்டில்' என்றதுமே அவருக்கு அந்தச் சொல்தான் கேட்டிருக்கிறது. நான் பயந்துவிடக் கூடாதென்றுதான் "ஓம், சரி" என்றிருக்கிறார்.