நெஞ்சுப் பக்கம் சுற்றும் ரீல்

செக்காலை ரோட்டோரம் நின்ற பெரிய புளியமரம் மழையில் சாய்ந்து, மூன்று நாள் பஸ் போகாமல் கிடந்த வருஷம் அது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இந்தி வேண்டாம் என்று ரோட்டுக்கு வந்தார்களே, அதற்கு அடுத்த மழைக்காலம். இல்லை, அதற்கும் மறு வருஷம் என்பாள் என் மனைவி. மரத்தை அறுத்து விற்றபோது அடிமரத்தில் நானும் ஒரு துண்டு வாங்கினேன். புளியின் வைரத்தில் உளி இறங்காது. எதற்கு வாங்கினேன் என்று எனக்கே தெரியாமல் பட்டறையில் கிடந்தது.

பட்டறை என்றால் வீட்டுக்குப் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகை. கடைசல் வேலை. கட்டில் கால், தொட்டில் கம்பு, சப்பாத்திக் கட்டை. கொட்டகைக்குக் கரண்ட் கிடையாது. மரத்தில் கயிற்றைச் சுற்றி இரண்டு முனையையும் என் மனைவி மாற்றி மாற்றி இழுப்பாள். மரம் ஒரு தடவை இந்தப் பக்கம் சுற்றும், மறு தடவை அந்தப் பக்கம். என் பக்கம் வரும்போது உளி தானாகப் போய் ஒட்டும், போகும்போது தானாக விலகும். சின்ன வயதிலிருந்து இப்படியே வேலை பார்த்தவனுக்கு, ஒரு பொருள் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்ற யோசனையே வந்ததில்லை.

அங்கேதான் பக்கத்துத் தெரு பாய் வந்தார். மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். ரப்பர் ஷீட்டை அழுத்தும் உருளையில் வலது கை மாட்டி, முழங்கைக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் ஊர் திரும்பியவர். இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று கல்யாணப் பந்திக்குக்கூடப் போகமாட்டார். அவருக்கு இருந்த ஒரே ஆசை கண்மாயில் தூண்டில் போடுவது. அதற்கும் இரண்டு கை வேண்டும். கம்பைத் தூக்க ஒன்று, துள்ளுகிற மீனைப் பிடிக்க ஒன்று. அவர் கம்பில் மீன் மாட்டினால் பக்கத்தில் இருப்பவன் எழுந்து வந்து பிடித்துக் கொடுப்பான். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

தோட்டத்துத் துரை தன் தூண்டில் கம்பில், நரம்பைச் சுற்றி இழுக்க ஒரு ரீல் வைத்திருந்ததாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த ரீல் தையல்கடை நூல் ரீல்தான்.

"கம்பத் தொடைக்கடியில இடுக்கிக்கிருவேன் ஆசாரியாரே. இந்தக் கையால நரம்பச் சுத்தணும். கைய விட்டா அது அப்படியே நிக்கணும், திரும்ப ஓடக் கூடாது. இதே கையாலதான் மீனையும் புடிக்கணும்."

எனக்கு எதிரே உட்கார்ந்து, தரையில் கிடந்த மரத்தூளில் இடது கை விரலால் படம் போட்டார். உருளை, பல் சக்கரம், சுற்றுகிற கைப்பிடி. நான் தலையை ஆட்டினேன். எனக்கு எழுத்துத் தெரியாது, படம் நன்றாகப் புரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். சாயங்காலம் என் மனைவி வழக்கம்போலத் தூளைக் கூட்டி அடுப்புக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு மாதம் ஆனது. உருளை தேக்கில் கடைந்தது. பல் சக்கரத்துக்கு அந்தப் புளி வைரம். தேக்கில் செய்த பற்கள் இரண்டு தடவை உடைந்தன. சக்கரத்தின் மேல் விழுந்து தடுக்கிற நாக்கு, பழைய விளக்குப் பித்தளை. அச்சு சைக்கிளுடையது. டக் டக்கென்று ஒரு பக்கம் மட்டும் சுற்றும். மறுபக்கம் யானை இழுத்தாலும் நகராது. என் மனைவி அதைக் கப்பி என்பாள். எந்தக் கிணற்றுக்குப் போகிறது கப்பி என்று தினமும் கேட்பாள்.

சாக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போனோம். மூங்கில் கம்பில் வைத்துக் கட்டி, பாய் தொடைக்கடியில் இடுக்கினார். கைப்பிடி வலது பக்கம் இருந்தது, செத்த கையின் பக்கம்.

அவர் எதிரே உட்கார்ந்து போட்ட படத்தை நான் என் பக்கத்திலிருந்தே பார்த்துச் செய்திருக்கிறேன். பாய் கட்டை அவிழ்க்கச் சொல்லி, ரீலைத் திருப்பி வைத்தார். கைப்பிடி இடது பக்கம் வந்தது. ஆனால் முன்பக்கம் சுற்றினால் நாக்கு தடுத்தது. நாக்கைத் தூக்கிவிட்டு நரம்பை முழுக்க உருவி மாற்றிச் சுற்றி, கைப்பிடியைத் தன் நெஞ்சுப் பக்கமாகப் பின்னுக்குச் சுற்றினார். டக் டக் டக்.

வெயில் ஏறும் முன் ஒரு விரால் மாட்டியது. கம்பு வளைந்தது. நான் எழப் போனேன்.

"உக்காருங்க," என்றார்.

நெஞ்சுப் பக்கமாகவே சுற்றினார். மீன் கரைக்கு வந்ததும் கைப்பிடியை விட்டார். ரீல் நின்றது. அதே கையால் விராலின் செவுளைப் பிடித்துத் தூக்கினார்.

"பாய், தப்பாச் செஞ்சுபுட்டேன். குடுங்க, நாக்க மாத்தித் தாரேன்."

"எது தப்பு? நெஞ்சுப் பக்கம் சுத்துற மாதிரிதான நான் கேட்டேன். முன்னுக்குச் சுத்துனா எனக்குத் தோளு வலிக்கும்."

அப்படி அவர் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லவில்லை என்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை. வீட்டில் சொன்னேன்.

"கல்யாணத்துல அக்கினியச் சுத்தையிலயே என்னைய எதிர்ப்பக்கம் இழுத்தவுகதான நீக," என்றாள் என் மனைவி. "ஒங்க மொகம் வாடக் கூடாதுன்னு அவுக அப்படிச் சொல்லியிருப்பாக."

இருக்கலாம். அதன்பிறகு பல வருஷம் அவர் அந்த ரீலோடு தனியாகப் போய் வந்தார். இரண்டு தடவை மாற்றித் தருகிறேன் என்று கேட்டேன். இரண்டு தடவையும் அதே பதில். தோளைத் தடவிக் காட்டவும் செய்தார். அந்தப் படத்தை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நாள் கைப்பிடி இந்தப் பக்கம் தெரிகிறது, ஒரு நாள் அந்தப் பக்கம். தூளைக் கூட்டாமல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். பாயும் இல்லை, கேட்க.

ரீல் சாக்கோட்டையில் அவர் மகள் வீட்டில், அத்தாவின் ஞாபகமாக இருக்கிறது. போன மாதம் அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் சொன்னார், யாரோ மெக்கானிக் பார்த்துவிட்டு, இது தலைகீழாகப் பூட்டியிருக்கிறது, பிரித்துச் சரிபண்ணித் தருகிறேன் என்றாராம். எனக்கு இப்போது பஸ் ஏறக் கால் வரவில்லை. இதைக் கேட்கிறவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் பாய் மகளிடம் சொல்லிவிடுங்கள். நாக்கைக் கழற்ற வேண்டாம். நெஞ்சுப் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். யார் சொன்னது என்று கேட்டால், அவுக அத்தா சொன்னது என்று சொல்லுங்கள்.